ஆறு பிழை வரை

சலிமாவில் ஒரு தொடக்கப்பள்ளி, நாலாம் வகுப்பு அறை.
குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க
வேட்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அவர்களுடைய ஆங்கிலத்தைச் சோதிக்க வந்தவன் நான்.
ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும்.
ஆறு பிழை வரை தேர்ச்சி.
ஏழானால்
சுவரொட்டிக்குக் கொடுத்த முன்பணமும் போச்சு.

இந்த விதி எனக்குப் பிடிக்கும்.
சொல்ல வெட்கமில்லை.
சைக்கிள் டாக்சிக்காரனிடம் பிரேக் இருக்கிறதா என்கிறோம்,
படகு விடுகிறவனிடம் நீந்தத் தெரியுமா என்கிறோம்,
ஊரையே ஏற்றிக்கொண்டு போக வருகிறவனிடம்
ஒன்றும் கேட்கக் கூடாதாம்.

யோட்டாமு கலின்டேயை அந்தக் காலத்தில்
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நல்ல மனிதர். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார்.
ஒரு மத்தியானம்
யாரோ நீட்டிய ஒன்பது பக்கத்தில்
கோழிக்கறி ஆறிவிடுமே என்று கையெழுத்துப் போட்டார்.
மறுவாரம் ஏரிக்கரையில் வேலி வந்தது.
வேலிக்குப் பின்னால் விடுதி வந்தது.
உசிப்பா மீன் காய்ந்த மணலில்
இப்போது நீச்சலுடைகள் காய்கின்றன.
அன்று முடிவு செய்தேன்,
படிக்காதவன் கையில் பேனா
திறந்த கதவு என்று.

காலையில் முதலில் வந்தவர் ஹார்ட்வெல் சிபேத்தா.
நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.
தண்ணீர்மேல் தக்கை போல வரிகளின்மேல் போனார்.
பஞ்சம் என்ற சொல்லைக்கூட
மென்மையாக, சரியான இடத்தில் அழுத்தி.
ஒரு பிழையில்லை.
அந்த ஒன்பது பக்கத்தை எழுதியவர் இவர்தான்.
அதிலும்
ஒரு பிழையில்லை.

தேர்ச்சி என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

பதினோராவதாக ஃபலேசி ம்குவேசலம்பா.
சிதெஞ்சேத் துணியின் முனையில் முடிந்த கண்ணாடியை
அவிழ்த்து மாட்டிக்கொண்டாள்.
வாய் நீளம். என் மனைவியோடு
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
வெள்ளம் வந்த வருஷம்
நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு மக்காச்சோளம் அளந்தவள்.
மிஞ்சிய இரண்டு கிண்ணத்தையும்
நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

விரலை வைத்துப் படித்தாள்,
கல்லுக்குக் கல் கால்வைத்து ஓடையைக் கடக்கிறவளாக.
ஒரு சொல்லை முழுங்கினாள்.
ஒரு சொல்லுக்கு இல்லாத வாலை ஒட்டினாள்.
மூன்று. நான்கு.
கோடு போடுவதுதான் என் வேலை.
ஐந்து.
வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.
ஆறு.

கடைசிப் பத்தி, இரண்டாம் வரி.
'ஹியர்பை' என்ற இடத்தில் விரல் நின்றது.
அடுத்த கல்லுக்குப் போகவில்லை.
"ஐயா, இது என்ன சொல்கிறது?"
உதவக் கூடாது என்று விதி.
அவள் வெறும் வாயோடு காத்திருந்தாள்.
வாயைத் திறந்துவிட்டேன்:
"இதனால்."
"எதனால்?"

இருபத்தாறு வருஷமாக இந்தச் சொல்லை
கரும்பலகையில் எழுதி அழிக்கிறேன்.
எதனால்?
யார் கை அது, எங்கிருந்து வருகிறது,
'இதனால்' என்று சொன்னவுடன்
கரை ஏன் இடம் மாறுகிறது?
கலின்டேயின் பக்கத்திலும் முதல் சொல் இதுதான்.
அவர் கேட்கவில்லை. தெரியாது.
சிபேத்தா கேட்கவில்லை. தெரியும்.
நானும் கேட்டதில்லை,
எனக்கு உச்சரிப்பு மட்டும் சரியாக வரும்.

"தெரியவில்லை அம்மா" என்றேன்.
அவள் தலையசைத்துவிட்டு
மிச்ச வரியைப் படித்து முடித்தாள், பிழையில்லாமல்.

இப்போது படிவம் என் முன்னால்.
ஆறு கோடுகள் நிற்கின்றன.
படிக்கையில் நிறுத்துவது பிழையா என்று
கையேட்டைப் புரட்டுகிறேன்.
திணறினால் பிழை, தவிர்த்தால் பிழை.
கேட்டால்?
அப்படி ஒரு வரி அதில் இல்லை.

வெளியே பன்னிரண்டாவது ஆள்
புது பூட்ஸோடு
வாசலில் தொண்டையைச் செருமுகிறார்.
பேனா முனை காகிதத்தைத் தொட்டு
ஒரு புள்ளி வைத்திருக்கிறது.
இன்னும் கோடாகவில்லை.